குடும்பப் பெயர் கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவது?

போன மாதம் தங்கச்சியின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கடகடவென்று போனது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

"அம்மா, எங்கட குடும்பப் பெயர் என்ன?"

அம்மா அடுப்படியில் நின்றபடியே சொன்னா: "அப்பான்ர பேரை எழுதன். எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறவை."

எழுதலாம்தான். ஆனால் தங்கச்சி போகப்போவது ரொறன்ரோவுக்கு, சித்தப்பாவின் மகளின் கலியாணத்துக்கு. சித்தப்பா அகதியாகப் போய் இறங்கிய நாளில், ‘கடைசிப் பெயர்’ என்று கேட்ட இடத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதினார். அதாவது எங்களுடைய அப்பப்பாவின் பெயரை. அந்தப் பெயரே அவருடைய பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. லண்டனில் இருக்கும் பெரியப்பா தன்னுடைய பெயரைத்தான் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயராகக் கொடுத்தார். தங்கச்சிக்கு எங்கள் அப்பாவின் பெயர். ஒரு அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள், மூன்று குடும்பப் பெயர்கள். இனி விசாவுக்கு, அழைக்கிறவரும் போகிறவரும் உறவு என்று காட்ட வேண்டும். பெயரைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் இந்த இரண்டு பெண்களும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று தெரியப்போவதில்லை.

யார் பிழை விட்டது? ஒருவரும் இல்லை. மூன்று பேரும் எங்களிடம் இல்லாத ஒன்றை எழுதச் சொல்லிக் கேட்ட கட்டத்தில், தங்களுக்குச் சரியென்று பட்டதை எழுதியிருக்கிறார்கள். அந்த ‘இல்லாத ஒன்று’ யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தது என்று தேடியபோது கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

பேரன் என்றால் பெயரைத் தாங்குபவன்

எங்களுடைய பழைய முறை எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பொன்னம்பலத்தின் மகன் இராமநாதன் என்றால் பொன்னம்பலம் இராமநாதன். சுருக்கினால் பொ. இராமநாதன். கூப்பிடுவது இராமநாதன். முன்னெழுத்தில் இருப்பது ஆளின் பெயர் அல்ல, ‘இன்னாரின் பிள்ளை’ என்ற தகவல் மட்டும். அடுத்த தலைமுறையில் இராமநாதன் முன்னுக்குப் போவார், பொன்னம்பலம் காணாமல் போவார்.

இதன் ஞாபகசக்தி ஒரு தலைமுறைதான். ஆனால் தமிழில் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது: பாட்டனின் பெயரைத் தாங்குபவன். பேத்தியும் அப்படித்தான். மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை வைக்கிற வழக்கம் இதனால்தான். ஒரு தலைமுறை மறைந்த பெயர் அடுத்ததில் திரும்பி வரும். ஆனால் யாருக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதை வீடுதான் தீர்மானித்தது, படிவம் அல்ல.

இப்போது இந்த முறையும் ஆங்கிலேயரின் முறையும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒரு குமாரசாமி, இரண்டு வழி

ஆறுமுகநாதபிள்ளை குமாரசாமி (1783–1836) பருத்தித்துறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். கொழும்பில் ஆங்கில ஆட்சியின் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1835 இல் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் நியமிக்கப்பட்டார். அவருடைய மகள் செல்லாச்சி. மகன் முத்து குமாரசாமி.

மகளின் வழியைப் பார்ப்போம். செல்லாச்சி பொன்னம்பலம் முதலியாரைக் கலியாணம் செய்தார். மூன்று ஆண்பிள்ளைகள்: குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். மூத்தவருக்கு அம்மாவின் அப்பாவின் பெயர். பெயரன்! மூன்று பேரின் பெயருக்கு முன்னாலும் பொன்னம்பலம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறவர்கள் இவர்கள்தான். அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. சேர் பட்டம் கிடைத்தபிறகும், கேம்பிரிட்ஜில் படித்தபிறகும், முறை மாறவில்லை. அப்பா முன்னால், ஆள் பின்னால்.

இப்போது மகனின் வழி. முத்து குமாரசாமி 1863 இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1874 இல் சேர் பட்டம். தமிழில் சேர்த்து எழுதினால் ‘முத்துக்குமாரசாமி’ என்பது முருகனுக்குரிய ஒரே பெயர். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரித்து எழுதும்போது ‘முத்து’ முதற்பெயர் மாதிரியும் ‘குமாரசாமி’ சர்நேம் மாதிரியும் நிற்கும். அந்தப் பின்பாதி தற்செயலாக அப்பாவின் பெயரும்கூட. லண்டனில் இருந்த ஒருவருக்கு அது சர்நேம் என்பதில் சந்தேகமே வந்திருக்காது.

அவர் எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் செய்தார். 1877 இல் கொழும்பில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகமுன்னமே அப்பா இறந்துவிட்டார். பிள்ளை வளர்ந்தது இங்கிலாந்தில். பெயர் ஆனந்த கென்டிஷ் குமாரசாமி. கலை வரலாற்றாளர், 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர், 1947 இல் அமெரிக்காவிலேயே இறந்தவர்.

எங்கள் முறைப்படி அவர் ‘முத்துக்குமாரசாமி ஆனந்தன்’ என்ற மாதிரி ஏதோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவரோ, தான் பிறப்பதற்கு 41 வருடங்களுக்கு முன்னமே இறந்துபோன தாத்தாவின் பெயரைக் கடைசிப் பெயராகச் சுமந்தார். அவருடைய மகன் ராமா (1929–2006), அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நிபுணர், அதே பெயரைச் சுமந்தார். பருத்தித்துறையில் ஒரு பிள்ளைக்கு வைத்த முருகன் பெயர், நான்காவது தலைமுறையில் அமெரிக்காவில் ஒரு சர்நேம்.

ஒரே தாத்தா. மகள் வழியில் அவர் பெயர் பேரனின் சொந்தப் பெயராகத் திரும்பி வந்தது. மகன் வழியில் அது உறைந்து சர்நேம் ஆனது. உறையவைத்தது யாழ்ப்பாணமும் இல்லை, குடும்ப முடிவும் இல்லை. ஆங்கில உலகத்துக்குள் போன ஒரே காரணம்.

அதற்காகக் குமாரசாமி என்று முடிகிற எல்லாரையும் ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது. ஐ.நா.வில் ஆயுதமோதலும் சிறுவர்களும் பற்றிய சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ராதிகா குமாரசாமி, 1966 முதல் 1970 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த பஞ்ச் குமாரசாமி, மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி, கர்நாடகத்தின் முன்னாள் முதல்வர் எச். டி. குமாரசாமி: இவர்களை இணைப்பது இரத்தம் அல்ல, முருகன். கடைசியில் சொன்னவருக்கு அது சர்நேம்கூட இல்லை, சொந்தப் பெயர். ஆங்கிலத்தில் ஒருவர் ‘சீ’யில் தொடங்கி இரண்டு ‘ஓ’ போடுவார், ஒருவர் ‘சீ’க்குப் பிறகு ‘யூ’ போடுவார், இன்னொருவர் ‘கே’யில் தொடங்குவார். ஐரோப்பாவில் ஒரு அரிதான சர்நேம் இரண்டு பேருக்கு இருந்தால் உறவு என்று ஊகிக்கலாம். எங்களுடைய சர்நேம்களில் அந்த ஊகம் பெரும்பாலும் வேலை செய்யாது. அவை கோயில்களில் இருந்து வந்த பெயர்கள், அவை எல்லாருக்கும் பொது.

சர்நேம் அவர்களுக்கும் பழையது அல்ல

‘நாகரிகமான நாட்டில் சர்நேம் இருக்கும், எங்களிட்டத்தான் இல்லை’ என்ற எண்ணம் எங்களில் பலருக்கு உள்ளுக்குள் உண்டு. அதை உடைக்க ஒரு ஆள் போதும்.

யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்டார்கள். காணியையும் ஆட்களையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதிவைத்தவர்கள் அவர்கள். எங்களுடைய வழக்காறுகளைத் தொகுத்து 1707 இல் தேசவழமைச் சட்டமாக எழுதிக்கொடுத்த அதிகாரியின் பெயர் கிளாஸ் ஐசாக்ஸ். காணி உறுதி எழுதப் போனவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பெயர் பழக்கமாக இருக்கும்.

‘ஐசாக்ஸ்’ என்பது என்ன? ஒல்லாந்த மொழியில் ‘ஐசாக்கின் மகன்’ என்பதன் சுருக்கம். அவ்வளவுதான். எங்கள் பொ., க., சி. செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. ஒல்லாந்தில் எல்லாரும் நிரந்தரமான குடும்பப் பெயரைப் பதியவேண்டும் என்ற கட்டாயம் நெப்போலியன் காலத்தில், 1811 இல்தான் வந்தது. இலங்கைப் பறங்கியரிடையே இன்றைக்கும் ‘ஜான்ஸ்’ என்ற சர்நேம் உண்டு. அதன் பொருள் ‘ஜானின் மகன்’. எப்போதோ இருந்த ஒரு ஜான் அங்கே உறைந்து நிற்கிறார், ரொறன்ரோவில் என் அப்பப்பா உறைந்து நிற்பதைப் போல. துருக்கியில் 1934 இல் சட்டம் போட்டுத்தான் எல்லாருக்கும் சர்நேம் கொடுத்தார்கள். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவின் அல்லது அம்மாவின் பெயர்தான் பின்னால் வருகிறது. தொலைபேசிப் புத்தகத்தையே அவர்கள் முதற்பெயர்ப்படிதான் அடுக்கினார்கள்.

ஆக, சர்நேம் என்பது ஒரு இனத்தின் பண்பாடு என்பதைவிட அரசாங்கத்தின் தேவை. வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, காணியை யாரிடம் இருந்து யாருக்கு என்று பதிய, அரசுக்கு மாறாத ஒரு பெயர் வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து வந்த பெயர்கள்

யாழ்ப்பாணத்தில் சர்நேம் முளைத்த இன்னொரு இடம் மிஷன் பள்ளி. 1816 இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கான செலவை அமெரிக்காவில் இருந்த கொடையாளிகள் ஏற்றார்கள். காசு அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. நியூ இங்கிலாந்தில் யாரோ ஒருவர் மதித்த போதகரின் பெயர், வட்டுக்கோட்டையில் ஒரு தமிழ்ப் பொடியனின் பெயராகும்.

1841 இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் ஆசிரியர்களின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்தால் வெள்ளைக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத் தமிழர்.

அந்தப் பெயர்கள் பிறகு என்ன ஆயின என்பதுதான் சுவாரசியம். சில உதிர்ந்தன, சில சர்நேம் ஆகின.

‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியவரை ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. இவர்களிடம் அமெரிக்கப் பெயரும் தமிழ்ப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முதல் பட்டதாரிகளில் மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சில் கொண்டுவந்த சிறுப்பிட்டிக்காரர். அவருக்கு மிஷன் கொடுத்த பெயர் கிங்ஸ்பரி. அவர் சைவத்தின் பக்கம் போனார், கிங்ஸ்பரியைத் தமிழ்ப் புத்தக உலகம் மறந்துவிட்டது. ஆனால் அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவப் போதகராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் எழுதினார். அப்பா விட்ட பெயரை மகன் எடுத்துக்கொண்டார்.

வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் கதை இன்னும் வேடிக்கை. அவர் நடத்திய பள்ளிதான் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆனது. அந்தக் கல்லூரிக்கு அவருடைய மகன் நெவின்ஸ் செல்வதுரை அதிபராக இருந்தார். யாரோ ஒரு அமெரிக்கரின் பெயர் இந்துக் கல்லூரி அதிபரின் முன்னெழுத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது!

தேவாலயத்தோடு தொடர்ந்து இருந்த குடும்பங்களில் இந்தப் பெயர்கள் நிலைத்தன. நைல்ஸ் அப்படி ஒன்று. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்த டி. ரி. நைல்ஸ் (1908–1970) யாழ்ப்பாணத்தவர். ‘ரி’ என்பது தம்பிராஜா. எலைஜா ஹூல் என்ற ஆங்கில மெதடிஸ்த மிஷனரியின் பெயரும் இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயராகி இன்றுவரை தொடர்கிறது. யாழ்ப்பாணத்தில் உண்மையிலேயே ஐந்தாறு தலைமுறை பழைய சர்நேம் வேண்டும் என்றால் முருகன் பெயரில் தேடக்கூடாது. நியூ இங்கிலாந்துப் பெயர்களில் தேடவேண்டும்.

பெயர் மறப்பது நல்லதா?

இங்கே ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்களிடம் சர்நேம் இல்லாததால் பெயரில் சாதி இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பாதிதான் உண்மை. சாதி பின்னொட்டில் மட்டும் இருப்பதில்லை, பெயரின் நீளத்திலும் இருந்தது. ஒரே முருகனின் பெயர் ஒரு வீட்டில் கந்தையாபிள்ளை, இன்னொரு வீட்டில் கந்தன். ஒரு வீட்டில் வள்ளியம்மை, இன்னொரு வீட்டில் வள்ளி. ஒடுக்கப்பட்ட சாதியினர் பிள்ளைக்கு ‘ஐயா’, ‘பிள்ளை’, ‘அம்மை’ சேர்ந்த பெயரை வைத்தால் அதை மதிக்க ஊர் தயாராக இருக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் நீளமாக இருந்தாலும் வாயால் கூப்பிடும்போது வெட்டிவிடும்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு தலைமுறையில் மறக்கிற முறைக்கு ஒரு பயன் இருந்தது. கந்தனின் மகன் தன் பிள்ளைக்கு விரும்பிய பெயரை வைத்தால், பேரனின் முன்னெழுத்தில் கந்தன் இருக்கமாட்டார். ஊர் மறக்காது, ஆனால் காகிதம் மறந்துவிடும். வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்குப் போகிறவனுக்கு அது பெரிய விசயம். சர்நேம் மறக்காது. இந்தியாவில் பல சர்நேம்கள் கேட்டவுடனேயே சாதியைச் சொல்லிவிடுவது அதனால்தான். ஆகவே அப்பாவின் பெயரைச் சர்நேமாக உறையவைக்கும்போது நாங்கள் அப்பாவை மட்டும் நிரந்தரமாக்கவில்லை. அந்தப் பெயரை வைத்த காலத்தின் மேடுபள்ளத்தையும் சேர்த்துத்தான்.

39 எழுத்து

1983 க்குப் பிறகு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். மிஷன் பள்ளிகள் நூறு வருடத்தில் செய்ததைக் குடிவரவுப் படிவங்கள் பத்து வருடத்தில் செய்துமுடித்தன. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். கரையேறிய ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதியிருப்பார்கள். முதற்பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன. உயிரோடு வந்து நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் பெயர் இலக்கணம் யோசிக்க முடியுமா?

கடவுச்சீட்டின் கடைசியில் இயந்திரம் வாசிக்கிற இரண்டு வரிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக்கும். மிச்சம் 39 தான் முழுப்பெயருக்கு. அதிலும் முதலில் குடும்பப் பெயர் வரவேண்டும், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர். உலகம் முழுக்க ஒரே விதி. எங்களுடைய நீளப் பெயர்கள் சில அதற்குள் அடங்காமல் வெட்டுப்படும். ‘எனக்குக் குடும்பப் பெயர் இல்லை’ என்று சொல்ல எங்கள் படிவத்தில் வசதியான இடம் இல்லை.

அதனால் இன்றைக்கு நிலைமை எப்படி இருக்கிறது என்றால், ஒரு நாட்டின் வழக்கம் எப்படியோ அப்படி எங்கள் பெயர் வளைகிறது. சிங்கப்பூரை எடுங்கள். யாழ்ப்பாண வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் 2023 இல் அங்கே ஜனாதிபதி ஆனார். சண்முகரத்தினம் அவருடைய அப்பாவின் பெயர். அந்த நாட்டுக்கு எங்கள் முறை தெரியும், ஆகவே பத்திரிகைகள் ‘ஜனாதிபதி தர்மன்’ என்றுதான் எழுதுகின்றன. கனடாவை எடுங்கள். வீ. ஆனந்தசங்கரியின் மகன் கரி ஆனந்தசங்கரி 2015 இல் ஸ்காபரோவில் இருந்து நாடாளுமன்றம் போனார், பிறகு அமைச்சரானார். அங்கே அவர் ‘அமைச்சர் ஆனந்தசங்கரி’. கிளிநொச்சி, யாழ்ப்பாண அரசியலில் அந்தப் பெயரைக் கேட்டால் நாங்கள் நினைப்பது அப்பாவைத்தான்.

இங்கேயும் அது நடந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் சொந்தப் பெயர்தான் பொன்னம்பலம். மகன் குமார் பொன்னம்பலம். பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். வெளிநாடு போகாமலேயே, அரசியலில் பெயருக்கு இருந்த மதிப்பால் அது சர்நேம் ஆனது. இராமநாதனின் அப்பா பொன்னம்பலம் மறைந்துபோனார், ஜீ. ஜீ. பொன்னம்பலம் நின்றுவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சோமாலியர்

சித்தப்பாவின் மகள் ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, எங்கட வகுப்பில சோமாலிப் பிள்ளையளுக்கும் இதே பிரச்சினைதான்."

தேடிப்பார்த்தேன். உண்மைதான். சோமாலியரிடமும் குடும்பப் பெயர் இல்லை. சொந்தப் பெயர், அப்பாவின் பெயர், அப்பாவின் அப்பாவின் பெயர் என்று மூன்று வரும். 1991 இல் அரசு உடைந்தபிறகு அவர்களும் ரொறன்ரோவுக்கு அகதிகளாகப் போனார்கள். தமிழர் கிழக்கே ஸ்காபரோவில், சோமாலியர் மேற்கே டிக்சன் வீதிப் பக்கம். அதே படிவம், அதே கட்டம். மூன்றாவது பெயர் சர்நேம் ஆனது. முறைப்படி பார்த்தால் அப்பாவுக்கு ஒரு கடைசிப் பெயர், பிள்ளைக்கு இன்னொன்று. ‘இவர் உன்னுடைய அப்பாதானா?’ என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

ஆனால் அவர்களிடம் எங்களிடம் இல்லாத இரண்டு விசயங்கள் இருக்கின்றன. ஒன்று, ‘அப்திர்சி’. பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். அதுதான் ஆளை எந்தக் குலம் என்று காட்டுவது. அதில் நன்மையும் உண்டு, உள்நாட்டுப் போரில் கண்ட தீமையும் உண்டு. படிவம் என்ன பெயரை உறையவைத்தாலும் சங்கிலி வாயில் இருக்கும். எங்களுக்குக் காகிதத்துக்கு வெளியே சங்கிலி இல்லை. அப்பப்பாவின் அப்பாவின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் இதை எழுதத் தொடங்கும்வரை தெரியாது.

இரண்டாவது, சோமாலிப் பெண் கலியாணம் முடித்தாலும் பெயரை மாற்றமாட்டாள். சாகும்வரை அவள் தன் அப்பாவின் மகள்தான். எங்களுடைய பெண்களுக்குக் கலியாணத்துக்கு முதல் ஒரு முன்னெழுத்து, பிறகு புருசனின் பெயர். ஒரு ஆயுளில் இரண்டு ஆண்களின் பெயர். அம்மாவின் பெயர் ஒருவருடைய பெயரிலும் இல்லை.

உறுதியில் இருந்த பெண்கள்

விசாவுக்கு உறவைக் காட்டவேண்டும் என்று அம்மா பழைய தகரப் பெட்டியை இறக்கினா. அப்பாவின் பிறப்புப் பத்திரம் இருந்தது. சித்தப்பாவின் பத்திரத்தின் பிரதி இருந்தது. இரண்டிலும் தகப்பனார் பெயர் ஒன்று. அதுபோதும். 1995 இடப்பெயர்வில் அந்தப் பெட்டியை அம்மா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவ. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அடியில் எங்கள் வீட்டுக் காணியின் உறுதிகள். பெயருக்காக நான் அதுவரை அவற்றை வாசித்ததில்லை. அம்மாவுக்கு அம்மம்மா எழுதிய சீதன உறுதி. அம்மம்மாவுக்கு அவவின் அம்மா எழுதியது. அதற்கு முதலும் ஒன்று. தேசவழமை ஒரு பக்கம் முதுசம் என்று ஆண்வழிச் சொத்தை வைத்தது, இன்னொரு பக்கம் சீதனம் என்று தாயிடமிருந்து மகளுக்குப் போகிற சொத்தை வைத்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் பெண்வழியில் நிற்கின்றன. வீடு அசையவில்லை, கிணறு அசையவில்லை. அதில் பிறந்து, அதில் கலியாணம் முடித்து, அதை மகளுக்கு எழுதிக்கொடுத்த பெண்களின் பெயர்தான் ஒவ்வொரு உறுதியிலும் ‘இன்னாரின் பெண்சாதி’ என்று மாறிக்கொண்டே போகிறது. நொத்தாரிசுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் பெயர்கள் இருந்தன. நாலு தலைமுறைப் பெண்கள், வரிசையாக, ஒரே காணியில். நாங்கள் தேடாத சங்கிலி அது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கள் வீட்டில் எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயராக எழுதப்பட்டதில்லை. எழுதினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் பெயரை உறையவைத்தாலும் உறைவது உறைவதுதான், அடுத்த தலைமுறையில் இன்னொரு அம்மா மறைந்துபோவா.

தங்கச்சியின் படிவத்தில் அப்பாவின் பெயரைத்தான் எழுதினேன். பிறப்புப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும், வேறு வழி இல்லை. பிறகு ஒரு கொப்பி எடுத்து, இரண்டு பக்கமும் தெரிந்த பெயர்களை எழுதத் தொடங்கினேன். அப்பப்பாவின் அப்பாவின் பெயரை லண்டன் பெரியப்பா சொன்னார். உறுதிகளில் இருந்து நாலு பெண்கள். அதற்கு முந்திய ஆளைக் கேட்டதற்கு அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா.

"அவவைச் சின்னாச்சி எண்டு கூப்பிட்டதா அம்மம்மா சொல்லுவா. உண்மைப் பேர் தெரியாது."

சின்னாச்சி என்றே எழுதிவைத்திருக்கிறேன். கொப்பியைப் படம் எடுத்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினேன். கலியாணப் பொம்பிளை உடனே பதில் போட்டாள்: "அண்ணா, மற்றப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கோ. இதில பாதி ஆக்களை எனக்குத் தெரியாது."